சுவருள்ள செல்லும் சுவரற்ற செல்லும்

வாழையை மரம் என்று சொல்லிப் பழகிவிட்டோமாயினும், அதன் உடலில் வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்லத்தக்கது எள்ளளவும் இல்லை. ஒன்றையொன்று இறுகத் தழுவிய இலையுறைகளே தண்டாகத் திரண்டு நிற்கின்றன. அவ்வுறைகளின் எடையில் பெரும்பங்கு வெறும் தண்ணீர்தான். அத்தகைய தண்டு, ஆளுயரத்தைக் கடந்து நிமிர்ந்து, இருபது கிலோவுக்கு மேற்பட்ட தாரையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதன் நிழலில் படுத்திருக்கும் ஆட்டுக்கோ உடலைத் தாங்க எலும்பு வேண்டியிருக்கிறது. எலும்பை நீக்கிவிட்டால் அதன் சதை நிற்க வகையின்றிச் சரிந்துவிடும். ஆனால் ஆடு எழுந்து ஓடும், வாழை ஓடாது. எலும்பில்லாமல் நிற்கும் ஜீவனுக்கு ஓட்டம் வாய்க்காமலும், ஓடவல்ல ஜீவனுக்கு எலும்பின்றி நிற்க முடியாமலும் போனதற்கு மூலகாரணம் யாது என்று தேடிப் போனால், கண்ணுக்குப் புலப்படாத ஒரு சூட்சும ஸ்தானத்தில், அதாவது செல்லின் விளிம்பில், போய் நிற்போம். தாவர செல் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டது. பிராணி செல் எழுப்பிக்கொள்ளவில்லை. இவ்விரு வாழ்க்கைகளுக்கும் இடையே நாம் காணும் பேதங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை என்பது என் துணிபு.

செல்லை மனிதன் முதன்முதலில் கண்டபோது கண்டதும் இந்தச் சுவரைத்தான். லண்டன் ராயல் சொசைட்டியில் சோதனைகளை நடத்திக் காட்டும் பொறுப்பிலிருந்த ராபர்ட் ஹூக், 1665ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மைக்ரோகிராபியா’ என்னும் நூலில், புட்டிகளை அடைக்கும் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவி நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்ததையும், அதில் வெற்றறைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்ததையும் விவரித்து, ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடிக்கு மேற்பட்ட அறைகள் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டு, அவற்றுக்குச் செல் என்ற பெயரையும் இட்டார். தக்கை என்பது ஓக் மரவகை ஒன்றின் பட்டை. அதன் செல்கள் முதிர்ந்ததும் உள்ளிருந்த ஜீவப்பொருள் அழிந்து சுவர் மட்டுமே எஞ்சுகிறது. சில ஆண்டுகளுக்குப் பின், ஹாலந்து தேசத்து டெல்ப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துவந்த ஆண்டனி வான் லேவன்ஹூக், தம் கையாலேயே தேய்த்தெடுத்த சிறு வில்லைகளைக் கொண்டு, குளத்து நீரில் துள்ளித் திரியும் நுண்ணுயிர்களையும் இரத்தத்தில் மிதக்கும் சிவப்பணுக்களையும் பார்த்து, அதே சொசைட்டிக்குக் கடிதம் கடிதமாக எழுதிவந்தார். ஆயினும் அந்தச் சிவப்பு வட்டுகளும் தக்கையின் வெற்றறைகளும் ஒரே இனம் என்று நினைக்க அக்காலத்தில் எவருக்கும் முகாந்திரம் இல்லை.

அந்த உண்மை தெளிவாக ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் பிடித்தன. தாமதத்துக்குக் காரணமும் சுவர்தான். தாவரத்தைச் சீவிப் பார்ப்பவனுக்குச் செல்லின் எல்லையைச் சுவர் காட்டிக்கொடுத்துவிடும்; தசையையோ மூளையையோ சீவிப் பார்ப்பவனுக்கு, சாயமேற்றும் முறைகள் வளராத அந்நாளில், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. 1831ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன், ஆர்க்கிட் செடிகளின் செல்களுக்குள் ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டை இருப்பதைக் கவனித்துச் சொன்னார், அதுவே உட்கரு. 1838இல் ஷ்லைடன் தாவரங்களின் எல்லா அவயவங்களும் செல்களால் ஆனவையே என்று எழுதினார். அவருடன் பேசிக்கொண்டிருந்த தியோடர் ஷ்வான், தாவர செல்லின் உட்கருவைப் பற்றிக் கேட்டவுடன், அதையொத்த உருண்டைகளைத் தாம் தவளைக் குஞ்சின் முதுகுநாணில் கண்டிருப்பதை நினைவுகூர்ந்தார். முதுகுநாணின் செல்கள் பெரியவை, நெருக்கமாக அடுக்கப்பட்டவை. குருத்தெலும்பின் செல்களையோ உறுதியான பொருள் ஒன்று சூழ்ந்திருக்கிறது. பிராணி உடலில் தாவர செல்லின் தோற்றத்துக்கு மிக நெருங்கியவை இவ்விரண்டுமே. அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறித்தான் ஷ்வான் 1839இல் பிராணிகளும் செல்களால் ஆனவை என்ற பெரும் முடிவை எட்டினார். செல்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதில் அவ்விருவரும் பிழைபட்டனர். ஒவ்வொரு செல்லும் முன்னிருந்த ஒரு செல் பிளவுபட்டே உண்டாகிறது என்பதை 1850களில் ராபர்ட் ரீமாக் கண்டு கூற, விர்ஷோ அதை உலகறியச் செய்தார். பாடநூல்கள் விர்ஷோவை மட்டும் நினைத்து ரீமாக்கை மறந்துவிடுவது நியாயமன்று.

சுவரைப் பற்றி மேலும் பேசுமுன், இருவகைச் செல்லுக்கும் பொதுவாக உள்ளவற்றைச் சொல்லியாகவேண்டும். ஏனெனில் உட்புகுந்து பார்த்தால் வேப்பமரத்தின் செல்லும் அதில் கூடுகட்டும் காக்கையின் செல்லும் வியக்கத்தக்கவாறு ஒத்திருக்கின்றன. இரண்டையும் மூடியிருப்பது ஒரு மெல்லிய சவ்வு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அவற்றில் ஏழெட்டுப் பங்கே அதன் கனம். அத்தனை மெல்லிய பொருளின் அமைப்பை, எலெக்ட்ரான் நுண்ணோக்கி பிறப்பதற்கு முன்பே, 1925ஆம் ஆண்டில், லெய்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்களான கோர்ட்டரும் கிரெண்டலும் கண்டறிந்த உபாயம் மிக அழகானது. இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, அதைத் தண்ணீரின்மேல் ஒரே மூலக்கூற்றின் கனமுள்ள படலமாகப் பரப்பி அளந்தபோது, அதன் பரப்பு அச்சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஆகவே சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, தண்ணீரை நாடும் முனைகள் வெளிப்பக்கமும் தண்ணீரை விலக்கும் முனைகள் உட்பக்கமுமாக நிற்கின்றன என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். அந்த முடிவு இன்றளவும் நிலைத்திருக்கிறது. கொழுப்படுக்கின் இடையிடையே புரதங்கள் பதிந்து, இடம்விட்டு இடம் நகர்ந்தபடி, வேண்டியதை உள்ளே விட்டும் வேண்டாததை வெளியேற்றியும் காவல் புரிகின்றன. பொட்டாசியத்தை உள்ளே சேர்ப்பதும் சோடியத்தை வெளியே தள்ளுவதும் பிராணி செல்லில் ஒருகணமும் ஓயாத காரியம். அதற்காகச் செல் செலவிடும் சக்தி கொஞ்சமன்று.

சவ்வுக்குள் இருப்பவற்றில் உட்கருவே பிரதானம். மனித செல் ஒன்றின் உட்கருவில், 46 குரோமோசோம்களாக வகுக்கப்பட்டு, நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும் டிஎன்ஏ இழை, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இடத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. அதிலுள்ள கட்டளைகளை ஆர்என்ஏ பிரதியெடுத்து வெளியே கொண்டுவர, ரிபோசோம்கள் அவற்றைப் படித்துப் புரதங்களைக் கட்டுகின்றன. புரதங்களைப் பக்குவப்படுத்தி உரிய இடத்துக்கு அனுப்ப எண்டோபிளாச வலையும், காமில்லோ கோல்கை 1898இல் விவரித்ததால் அவர் பெயரையே தாங்கிய அடுக்குப் பைகளும் உள்ளன. உட்கருவின் அவசியத்தை அறிய அது இல்லாத செல்களைப் பார்த்தாலே போதும். நம் இரத்தத்துச் சிவப்பணு, ஆக்சிஜனைச் சுமக்க இடம் வேண்டி, முதிரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பழுதுபட்ட புரதத்துக்குப் பதில் புதிது செய்துகொள்ள வகையற்ற அது, சுமார் 120 நாட்களில் முடிந்துபோகிறது. இலையில் விளைந்த சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கொண்டுபோகும் சல்லடைக் குழாய்ச் செல்களும் அவ்வாறே உட்கருவை இழந்தவை. பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் துணைச் செல்தான் அவற்றைப் பராமரித்து வாழவைக்கிறது.

மைட்டோகாண்டிரியாவைப் பற்றி மாணவர் மனத்தில் பதிந்துள்ள ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். பிராணிக்கு மைட்டோகாண்டிரியா, தாவரத்துக்குப் பசுங்கணிகம் என்று இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படித்துவிட்டு, தாவரத்தில் மைட்டோகாண்டிரியா இல்லை என்றே பலர் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் தாவரமும் இரவும் பகலும் சுவாசிக்கிறது. பசுங்கணிகம் செய்த சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, ஏடிபி என்னும் செலாவணியாக மாற்றித் தருவது அதன் மைட்டோகாண்டிரியாவே. இவ்வுறுப்புக்குத் தனக்கென்று டிஎன்ஏ உண்டு. மனித மைட்டோகாண்டிரியாவில் 37 ஜீன்கள் இருக்கின்றன. அது பாக்டீரியாவைப்போல் தானே இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. பண்டைக்காலத்தில் வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே குடும்பமாகிவிட்ட பாக்டீரியாவின் சந்ததியே இது என்றும், பசுங்கணிகமும் நீலப்பச்சைப் பாக்டீரியாவிலிருந்து அவ்வாறே வந்தது என்றும் லின் மார்குலிஸ் 1967இல் எழுதியபோது ஏளனம் செய்தவர்கள் பலர். பிற்காலத்தில் இவற்றின் ஜீன்களைப் பாக்டீரியாக்களின் ஜீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் எதிர்ப்பு அடங்கிற்று.

இனிச் சுவருக்கு வருவோம். சவ்வுக்கு வெளியே தாவர செல் எழுப்பும் சுவரின் பிரதான வஸ்து செல்லுலோஸ். சர்க்கரை மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோத்து, சங்கிலிகளைப் புரியாகத் திரட்டி, புரிகளைச் சவ்வின்மேல் சுற்றிச் சுற்றிப் படியவைத்துச் செல் இதைக் கட்டுகிறது. நாம் உடுத்தும் நூல்வேட்டியும் சேலையும் இச்சுவரன்றி வேறில்லை. பருத்தி விதையின் மேற்றோலிலுள்ள ஒரு செல், பூ மலரும் நாளில் வெளிநோக்கி நீளத்தொடங்கி, அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் நீண்டு, மூன்று சென்டிமீட்டரை எட்டியதும், சுவரின் உட்புறத்தில் செல்லுலோஸை அடுக்கடுக்காகப் பூசிக்கொள்கிறது. காய் வெடித்து வெயில்பட்டதும் உள்ளிருந்த ஜீவன் உலர்ந்துபோக, வெற்றுச் சுவர் முறுக்கிக்கொண்டு தட்டையாகிறது. அந்த முறுக்கு இருப்பதனால்தான் இழையோடு இழை பற்றிக்கொண்டு நூலாகிறது. ஒவ்வொரு பஞ்சிழையும் ஒரே செல் என்பதைக் கரிசல்காட்டில் பருத்தி எடுப்பவர்களுள் எத்தனை பேர் அறிவார்களோ, தெரியவில்லை! மரங்களிலோ சுவருக்குள் லிக்னின் என்ற கடினப்பொருள் சேர்ந்து கட்டையாகிறது. தேக்கின் வைரத்தில் உயிருள்ள செல் ஒன்றும் கிடையாது, அத்தனையும் சுவரே. ஒரு செல்லின் சுவரையும் அடுத்த செல்லின் சுவரையும் பெக்டின் என்ற பசை ஒட்டிவைத்திருக்கிறது. மாங்காய் பழுக்கும்போது நொதிகள் இப்பசையைக் கரைப்பதால்தான் கல்லாயிருந்த காய் குழைந்து கனியாகிறது.

சுவர் மட்டும் இருந்தால் இளந்தண்டு நின்றுவிடாது; அதற்கு உள்ளிருந்து ஓர் அழுத்தம் வேண்டும். முதிர்ந்த தாவர செல்லின் நடுவே, அதன் கொள்ளளவில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, நுண்குமிழி என்னும் நீர்ப்பை இருக்கிறது. உட்கருவும் மற்ற உறுப்புகளும் சுவரோரத்தில் மெல்லிய படலமாக ஒதுங்கிக் கிடக்கின்றன. நுண்குமிழியில் உப்புகளும் சர்க்கரையும் அமிலங்களும் செறிந்திருப்பதனால், நீர் சவ்வினூடே உள்நோக்கிப் பாய்கிறது. பாயப்பாயப் பை விரிந்து சுவரைத் தள்ள, சுவர் விட்டுக்கொடாமல் எதிர்த்து நிற்க, சைக்கிளின் டயருக்குள் காற்றடித்த டியூப் விறைத்துக்கொள்வதுபோல் செல் விறைத்துக்கொள்கிறது. மோட்டார் வண்டியின் சக்கரத்திலுள்ள அழுத்தத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் சாதாரண இலைச்செல்லில் இருப்பதுண்டு. கீரைத்தண்டு நிமிர்ந்திருப்பதும், சித்திரை வெயிலில் பூசணி இலை நடுப்பகலில் தொங்கிவிட்டு மாலையில் மீண்டும் விரிவதும், இலையின் அடிப்புறத்து வாயில்கள் திறந்து மூடுவதும், தொட்டாற்சுருங்கி தொட்டவுடன் மடங்குவதும் இவ்வழுத்தத்தின் ஏற்ற இறக்கமே. தொட்டாற்சுருங்கியின் அசைவைக் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், தாமே வடிவமைத்த கருவிகளால் பதிவுசெய்து ஆராய்ந்தது உலகறிந்த செய்தி. மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் ஜாடியில் நீர் சுரந்து துண்டுகள் துவண்டுபோவதற்கும் காரணம் இதுவே. வெளியே உப்பு மிகுந்ததும் நீர் வெளிநோக்கி ஓட, நுண்குமிழி சுருங்கி, சவ்வு சுவரைவிட்டு விலகிவிடுகிறது.

இதே நீர் சுவரில்லாத செல்லை என்ன செய்கிறது என்று பார்த்தால் சுவரின் மதிப்பு விளங்கும். சிவப்பணுக்களைச் சுத்தமான தண்ணீரில் விட்டால், நீர் உட்புகுந்து உப்பி, தடுப்பார் எவரும் இல்லாமையால், சில விநாடிகளில் வெடித்துச் சிதறிவிடும். மருத்துவமனைகளில் நோயாளியின் இரத்தநாளத்தில் ஏற்றும் நீரில் நூற்றுக்கு 0.9 பங்கு உப்பைச் சேர்ப்பது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். நன்னீரில் வாழும் அமீபா, உள்ளே கசியும் நீரை ஒரு சுருங்கு குமிழியால் ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருந்தால்தான் பிழைக்கும். நமக்கு அந்த வேலையைச் சிறுநீரகம் செய்கிறது; இரத்தத்தின் உப்பளவு மிகவும் பிறழ்ந்தால் மூளைச் செல்கள் வீங்கவோ சுருங்கவோ தொடங்கி மனிதன் நினைவிழக்கிறான். தாவரத்துக்குச் சிறுநீரகம் இல்லை, வேண்டியதுமில்லை. மழை நாள் முழுதும் வேர் நனைந்து நின்றாலும் சுவர் இருக்கும்வரை அதன் செல் வெடிப்பதில்லை.

சுவரைத் துறந்த செல் இத்தனை தொல்லைகளை ஏற்றுக்கொண்டு பெற்ற பேறு, அசைவு. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் கடலோரம் தங்கியிருந்த மெச்னிகாப், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகிவைத்து, மறுநாள் பார்த்தபோது, அலையும் செல்கள் வந்து முள்ளைச் சூழ்ந்திருக்கக் கண்டார். கிருமியைத் துரத்திப் பிடித்து விழுங்கும் நம் வெள்ளையணுவின் சாமர்த்தியம் அன்று வெளிப்பட்டது. சுவருக்குள் அடைபட்ட செல் வடிவத்தை மாற்றி எதையும் விழுங்க முடியாது. தசையைப்போல் சுருங்கி விரியவும் முடியாது. கருவில் உருவாகும் சிசுவின் செல்களோ, பிறந்த இடத்தைவிட்டு நெடுந்தூரம் நடந்துபோய் முகத்தின் எலும்பாகவும், தோலின் நிறத்தைத் தரும் செல்லாகவும், குடலின் நரம்பாகவும் அமைகின்றன. இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரு மீட்டர் நீளும் நரம்புச் செல்லும் அவ்வாறு முனையை நீட்டி நீட்டி வழிதேடிப் போனதே. இதற்குக் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு. தாங்க ஒன்றுமில்லாத செல்களை ஒன்றுசேர்த்துப் பிடிக்க, பிராணி தன் செல்களுக்கு வெளியே கொல்லாஜன் என்னும் புரதத்தைக் கயிறாகத் திரித்து, தோலும் தசைநாணும் குருத்தெலும்பும் எலும்பும் அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைவிடக் கொடிய விலை புற்றுநோய். தாவரங்களிலும் கட்டுப்பாடிழந்து பெருகும் கழலைகள் உண்டு. வேர்க்கழுத்துக் கழலையைத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். ஆனால் அதன் செல்கள் சுவரால் பிணைக்கப்பட்டவையாதலின் உடலின் வேறிடத்துக்குப் போய்க் குடியேறுவதில்லை. மனிதனைப் புற்றுநோய் கொல்வது பெரும்பாலும் அவ்வாறு அலைந்து பரவுவதனால்தான். வெள்ளையணுவுக்கு வரமாகிய நடை, புற்றுச் செல்லின் கையில் எமனாகிறது.

அசைவு இல்லாத ஜீவன் எப்படிப் பசியாறுகிறது என்ற கேள்விக்குப் பசுங்கணிகமே விடை. ஆகாரத்தைத் தேடி ஓட வேண்டாதவனுக்கே சுவர் பொருந்தும். காற்றிலுள்ள கரியமில வாயுவும், வேர் உறிஞ்சும் நீரும், மேலிருந்து விழும் வெயிலும் இருந்த இடத்துக்கே வந்துசேர, பசுங்கணிகத்தின் அடுக்குத் தட்டுகளிலுள்ள பச்சையம் ஒளியைப் பிடித்து நீரைப் பிளந்து, ஆக்சிஜனை வெளியே விட்டு, சர்க்கரையை விளைவிக்கிறது. இலை செய்யும் இக்காரியத்துக்கு வெயில் இன்றியமையாதது என்பதை இங்கென்ஹவுஸ் 1779லேயே நிறுவினார். சுவருக்குள் அடைபட்டாலும் செல்லின் உள்ளே ஒன்றும் ஓய்ந்திருப்பதில்லை. ஒளி மங்கலாயிருந்தால் பசுங்கணிகங்கள் இலையின் முகப்பை நோக்கிப் பரவுகின்றன, கடும்வெயிலில் பக்கச்சுவர்களின் ஓரமாக ஒதுங்கிக்கொள்கின்றன. பச்சைமிளகாய் பழுத்துச் சிவப்பதும் இக்கணிகங்களின் உருமாற்றமே: பச்சையம் சிதைந்து, செந்நிறப் பொருள்கள் சேர்ந்து, பசுங்கணிகம் வண்ணக்கணிகமாகிறது. உருளைக்கிழங்கில் ஸ்டார்ச்சை நிறைத்துவைக்கும் வெண்கணிகமும் இதே குடும்பத்தது.

சுவர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சிறைப்படுத்திவிடாமல் இருக்கவும் ஒரு வழி உண்டு. 1879இல் டாங்கல் என்பவர் விதைகளின் செல்சுவர்களில் கண்ட நுண்ணிய இழைப்பாலங்களின் வழியே, அண்டைச் செல்களின் ஜீவப்பொருள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கிறது. சர்க்கரையும் சமிக்ஞைகளும் அவ்வழியே போகின்றன, துரதிர்ஷ்டவசமாக வைரஸ்களும் அவ்வழியேதான் பரவுகின்றன. செல் இரண்டாகும் விதத்திலும் பேதம் காணலாம். பிராணி செல் இடையில் நெரிந்து இரண்டாகத் துண்டுபடுகிறது. தாவர செல் நெரிய இயலாததால், நடுவில் ஒரு தட்டை உண்டாக்கி, அதை இருபுறமும் வளர்த்துப் பழைய சுவரோடு இணைத்துக் குறுக்குச் சுவராக்குகிறது.

இவற்றையெல்லாம் படத்தில் பார்த்து, பாகங்களைக் குறித்து, மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிற பிள்ளைகளுள் பலர் ஒரு செல்லைக்கூடக் கண்ணால் கண்டதில்லை என்பது வருந்தத்தக்கது. ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் இது: பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடக்கும் நுண்ணோக்கியை வெளியே எடுங்கள். பெரிய வெங்காயத்தின் செந்நிற உரியை ஒரு கண்ணாடித் தகட்டில் நீர்விட்டு வைத்து, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு சொட்டு உப்புநீரை விடுங்கள். சிவந்த நுண்குமிழி சுருங்கிச் சுவரைவிட்டு விலகுவதைப் பிள்ளை தானே காணட்டும். ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் இலை இரண்டே செல் கனமுள்ளது. அதை அப்படியே வைத்தால் பசுங்கணிகங்கள் சுவரோரமாக வலம்வருவது தெரியும். பிறகு பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் பிள்ளையின் கன்னத்து உட்புறத்தை இலேசாக வழித்து, ஒரு துளி மெத்திலீன் நீலத்தில் சாயமேற்றி அடுத்த தகட்டில் வையுங்கள். சுவரின்றி, விளிம்பு மடங்கி, ஒழுங்கற்று மிதக்கும் அந்தச் செல்களின் நடுவே உட்கரு நீலப்பொட்டாகத் தெரியும். இந்த மூன்று தகடுகளுக்கும் ஒரு பாடவேளை போதும்.